எஞ்சின் விஷயமாக அண்ணைக்கு

அண்ணை,

படகு எஞ்சினை விற்றாயிற்று. போனில் கேட்டபோது மழுப்பினேன், பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். இங்கேயும் நிற்பார்கள்தான், ஊரில் பாதிப் பேர் இதை வாசிப்பார்கள். அதனால் வாங்கியது யார், என்ன விலை என்றெல்லாம் எழுத மாட்டேன். நண்டு வாங்குகிற இடத்தில் இருந்த கடன் தீர்ந்தது.

உங்கள் காசில் வாங்கிய சாமான். கேட்காமல் விற்றதற்கு மன்னியுங்கள். ஆனால் கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? 2022இல் முதலில் காசு இருந்தும் மண்ணெண்ணெய் இல்லை. ஆகஸ்ட்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏற்றினார்கள். இரணைமாதாநகர்க் கரையில் எஞ்சின்கள் சாக்குப் போர்த்திக் கிடந்தன. அப்போதுதான் நான் வத்தைப் படகில் பாய் கட்டினேன்.

யார் பழக்கியது என்று கேட்டவர்களிடம் உங்கள் பேரைத்தான் சொன்னேன். இரணைதீவை விட்டு இந்தக் கரைக்கு வருவதற்கு முந்தின சோளகம், தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். போர் நேரத்து எண்ணெய்த் தடை வேறு. உரப்பைகளை வெட்டித் தைத்த பாய், அதில் யூரியா என்ற எழுத்து தலைகீழாக நிற்கும். எதிர்க்கரை நாச்சிக்குடாவில் அரிசி ஏற்றிக்கொண்டு தீவுக்குத் திரும்புகிறோம். காற்று முகத்துக்கு நேரே. நேரே விட்டால் பாய் படபடவென்று அடிக்கும், வத்தை நகராது. வடக்கே சரித்து ஒரு ஓட்டம், தெற்கே சரித்து ஒரு ஓட்டம். பாயைத் திருப்புகிற நேரம் பார்த்துக் கயிற்றை என் கையில் தந்தீர்கள். "இழுக்காதை, சும்மா பிடிச்சுக்கொண்டிரு. எப்ப விடவேணும் எண்டு உனக்கே தெரியும்." தெரியவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்தது, நான் விடவேயில்லை. வத்தை சரிந்து, விளிம்பால் தண்ணீர் ஏறி, அரிசி மூட்டை நனைந்தது. நான் அழ, நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அம்மாவிடம் சொல்லாமலிருக்க ஒரு பனங்கட்டி.

அந்த அண்ணையா, பாய் கட்டி ஓடுவது வக்கில்லாதவன் தொழில், என் மானத்தை வாங்காதே என்று கத்தியது? நீங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்ட இரவு மானம் எங்கே இருந்தது? எந்தக் கரை, யார் படகோட்டி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 2018 ஏப்ரல் 23, கடற்படை வைத்திருந்த எங்கள் தீவுக்கு வெள்ளைக்கொடி கட்டிச் சனம் திரும்பினபோது உங்களுக்கு வீடியோ அனுப்பினேன். ஒரு லைக் போட்டீர்கள்.

முழங்கால் நோ எப்படி? குளிரில் வேலைக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

தூரத்துக்குப் பாய் சரிவராது என்று எனக்கும் தெரியும். நண்டுவலையைக் கரைக்குக் கிட்டத்தான் விடுகிறேன். வாடைக்காற்று தொடங்கினால் இன்னொருவரின் போட்டில் கூலிக்குப் போவேன். எஞ்சின் காசு உங்களுடையது, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவேன். வேண்டாம் என்பீர்கள். சொன்னாலும் அனுப்புவேன்.

தம்பி