அந்த "ஒன்றுமில்லை" பற்றி

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, நீ மருத்துவராக இருக்கும் அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டாய். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஒன்றுமில்லை அம்மா, சும்மாதான்" என்றாய். பின்னால் மானிட்டரின் ஓசை கேட்டது, யாரோ பெரிதாக அழுதார்கள். ஒரு நிமிடம் பேசாமலே இருந்துவிட்டு வைத்துவிட்டாய். முப்பத்தோரு ஆண்டுகள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நான். அந்த "ஒன்றுமில்லை" என்ன என்று எனக்குத் தெரியும். போனில் கேட்டால் மறுபடியும் அதையே சொல்வாய் என்பதால் எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

1994இல் ஓர் இரவு. பகல் டியூட்டி முடிந்து, இரவுக்கு வர வேண்டியவர் வராததால் நானே தொடர்ந்தேன். வார்டில் இரண்டே நர்ஸ்கள். படுக்கைகள் நிறைந்து, நடைபாதையில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாகக் கிடந்தன. மூன்று மணி இருக்கும். ஒரு பெரியவருக்கு 4 யூனிட் இன்சுலின் போடச் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. யூனிட் என்று முழுதாக எழுதாமல், எண்ணுக்குப் பக்கத்தில் 'யு' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் ஒட்டிப் போட்டிருந்தார் மருத்துவர். அவசரக் கையெழுத்தில் அதன் வாய் மூடியிருந்தது. என் கண்ணுக்கு அது சுழியாகத் தெரிந்தது. 40 யூனிட் போட்டேன்.

ஐந்து மணிக்கு அவர் சட்டை நனைய வியர்த்துக் கிடந்தார். பேச்சு குழறியது. சர்க்கரையைப் பார்த்தேன், 38. அந்த நொடியே புரிந்துவிட்டது. மருத்துவரைக் கூப்பிட்டேன், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றினோம், கண் திறந்தார். "சர்க்கரை இறங்கிவிட்டது" என்று மட்டும்தான் சொன்னேன். ஏன் இறங்கியது என்று சொல்லவில்லை. இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உடம்பில் வேலை செய்யும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு நான் தெரிவிக்கவில்லை. காலையில் டியூட்டி மாற்றிக் கொடுத்தபோதும் சொல்லவில்லை. ஏதோ காரணம் சொல்லி மதியம்வரை அங்கேயே இருந்து, அரை மணிக்கு ஒருமுறை நானே அவர் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்குத் துணிவு வந்திருக்காது. இரண்டு மாதம் கழித்து அதே வார்டில், அதே கையெழுத்தை, என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு நர்ஸ் அதேபோல் படித்தாள். அந்த நோயாளி நினைவிழந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். விசாரணை நடந்தது. "கண் எங்கே இருந்தது?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே நின்றாள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மாதமே அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அவள் விழுந்த குழி எங்கே இருக்கிறது என்று எனக்கு இரண்டு மாதமாகத் தெரிந்திருந்தது, மகளே. நான் சொல்லியிருந்தால் யூனிட் என்று முழுதாக எழுதும் வழக்கம் அன்றே வந்திருக்கும். இன்று உலகம் முழுதும் மருத்துவமனைகளில் அந்த ஒற்றை எழுத்தை எழுதாதே என்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 2004இல் வெளியிட்ட 'எழுதக் கூடாதவை' பட்டியலிலும் அது உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்த நாளில் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. என்னைப் போல் எத்தனையோ பேர் செய்த தவறு, சொன்னவர்களால் மட்டும் விதியாக மாறியிருக்கிறது.

அதனால் உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். சொல். களைப்பைச் சொல், பயத்தைச் சொல், தவறைச் சொல்.

களைப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்வதைத்தான் நம் ஆட்கள் கேவலமாக நினைக்கிறார்கள். 1997இல் இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களை விழித்திருக்க வைத்துச் சோதித்தார்கள். 17 மணி நேரம் தூங்காதவரின் கை-கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போல் இருந்தது. 24 மணி நேரம் ஆனபோது அது 0.10 சதவீதத்துக்கு இணையானது. பல நாடுகளில் அந்த முதல் அளவிலேயே வண்டி ஓட்டக் கூடாது. குடித்துவிட்டு வந்த மருத்துவரை வார்டுக்குள் விடுவார்களா? முப்பது மணி நேரம் விழித்திருப்பவரை மட்டும் அர்ப்பணிப்பு என்று தட்டிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது இன்றும் ஆறாத கோபம். 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கும் மேல் வேலை பார்க்கும் பழைய முறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள், நேரம் குறைத்த முறையில் இருந்ததைவிட 36 சதவீதம் அதிகம்.

விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை உடம்பு தானாகவே தாழ்ந்து போகும் நேரம். அந்நேரத்தில் மருந்தின் அளவைக் கணக்குப் போட்டால், பக்கத்தில் இருக்கும் நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், களைப்பாக இருக்கிறேன், நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்" என்று சொல். மதிப்புக் குறையாது. அவளுக்கும் உன்னிடம் அதையே சொல்லும் தைரியம் வரும். இருபது நிமிடம் படுக்க வாய்த்தால் படு. இரவு டியூட்டி முடிந்து வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு போகாதே. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

டியூட்டி மாறும் அந்தப் பத்து நிமிடத்தை அவசரமாகக் கடந்துவிடாதே. எங்கள் காலத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவோம். இப்போது உங்களுக்கு ஒரு வரிசை சொல்லித் தந்திருக்கிறார்கள்: இப்போதைய நிலை, பின்னணி, நீ என்ன நினைக்கிறாய், என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை அது. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "இவருக்கு எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை" என்று ஒருவர் சொன்ன பிறகு, அடுத்தவர் அந்தப் படுக்கைப் பக்கம் இன்னொரு முறை போவார். அந்த ஒரு நடையில் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீ கேட்பவளாக இருந்தால், கேட்டதைத் திருப்பிச் சொல்.

அடுத்தது பயம். போன மாதம் யாரோ உன் கையைப் பிடித்து முறுக்கியதை உன் தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "இங்கே இது சகஜம்" என்றாயாம். சகஜம் என்று சொல்லாதே. மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதுவும் பதிவில் வந்தது மட்டும்தானே என்று நினைத்துக்கொள்வேன். நீ எழுதிக் கொடுக்காதவரை உன் வார்டில் அது நடக்கவே இல்லை. கதவுக்குப் பக்கம் நீ இருக்க வேண்டும். கோபமாக இருப்பவர் உனக்கும் கதவுக்கும் நடுவில் வரக் கூடாது. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அப்படிப்பட்டவர் பக்கத்தில் போகாதே. குரல் உயரும்போதே ஆளைக் கூப்பிடு, கை உயரும்வரை காத்திருக்காதே.

ஆனால் வெளியே காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெப்போலியனின் படையில் இருந்த லாரே என்ற மருத்துவர், பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து யாருக்கு முதல் சிகிச்சை என்று பிரித்தார். நாமும் இன்றுவரை அந்த வழியில்தான் போகிறோம். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? தனக்குப் பின் வந்தவர் முன்னால் உள்ளே போவதைத்தான் அவர் பார்க்கிறார். மணிக்கு ஒருமுறை யாராவது போய், "உங்களை மறக்கவில்லை, உள்ளே உயிருக்குப் போராடும் ஒருவர் இருக்கிறார்" என்று சொன்னால் போதும். நான் அப்படிப் போய் நின்ற இரவுகளில் சண்டை குறைவாகவே வந்தது. குடித்தவரையும் போதையில் இருப்பவரையும் இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குக் காவலர் வேண்டும்.

நோயாளிக்குப் போட்ட ஊசி உன் கையில் குத்திவிட்டால் மறைக்காதே என்று உன் படிப்புக் காலத்திலேயே சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன். பிழியாமல் சோப்புப் போட்டுக் கழுவு, உடனே தெரிவி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு நல்லது. கூட்டத்தில் அதற்கு நேரமில்லை என்று விட்டுவிட்டு, பிறகு ஆறு மாதம் தூங்காமல் கிடந்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

உங்கள் மருத்துவமனையில் மனஉறுதி வகுப்பு வைத்தார்கள் என்றாய். போ, மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் உன் சோர்வுக்குக் காரணம் உன் மனசு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்குத் தந்த விளக்கமே, வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தால் வருவது என்பதுதான். மேல்மாடியில் படுக்கை இல்லாமல் உன் நடைபாதையிலேயே இரண்டு நாள் கிடக்கும் நோயாளியை உன் மூச்சுப் பயிற்சி எப்படி மேலே கொண்டுபோகும்? படுக்கையும் ஆளும் வேண்டும். அதைக் கூட்டத்தில் எழுந்து கேட்பதும் உன் வேலைதான். ஒருத்தியாகக் கேட்காதே, நர்ஸ்களையும் சேர்த்துக்கொண்டு கேள்.

ஒருவர் இறந்த பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடுவோம். அமெரிக்காவில் ஓர் அவசரப் பிரிவு நர்ஸ் வேறொரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். எல்லாரும் அப்படியே நின்று, அந்த மனிதருக்காகவும், முயன்று பார்த்த கைகளுக்காகவும் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது. நான் பணியில் இருந்தபோது இது எனக்குத் தெரிந்திருக்கவில்லையே என்று வருந்துகிறேன். செவ்வாய்க்கிழமை அழுதது யார் என்று எனக்குத் தெரியாது. போனது குழந்தையோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என்ன நடந்திருந்தாலும், உன் கையால் நடந்திருந்தாலும் சொல். முதலில் உன் மேலதிகாரியிடம், பிறகு அந்தக் குடும்பத்திடம், பிறகு என்னிடம். தவறு நேர்ந்தபின் உடைந்துபோகும் மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று 2000இல் ஒரு மருத்துவர் எழுதினார். அந்தச் சொல் பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. எனக்கு மட்டும் அதை முழுதாக ஏற்க முடிந்ததில்லை. முதலாவது பாதிக்கப்பட்டவர் படுக்கையில் இருந்தார், இரண்டாவது அந்த இளம் பெண். நான் அவர்களுக்குப் பின்னால்தான் வருகிறேன்.

அவளுடைய முகவரி போன வாரம் கிடைத்தது. பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். மன்னிப்பாளா, கடிதத்தைப் பிரிப்பாளா என்று தெரியவில்லை. உனக்கு எழுதியதை உறையில் போட்டுவிட்டு, அவளுக்கு எழுத உட்காரப் போகிறேன்.

நாளை இரவு டியூட்டி முடிந்ததும் கூப்பிடு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா