ராத் கன்வர்ஷனுக்குத் தனிக் குறி வேண்டும்: ஐஆர்எஸ்ஸுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிப்ரவரி பிறந்தால் போதும், அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பேக்டோர் ராத் செய்தேன், முழுத் தொகைக்கும் வரி காட்டுகிறதே?" கேட்பவர்களில் பலர் பகலெல்லாம் மென்பொருள் எழுதுகிறவர்கள். அவர்களுக்கே புரியவில்லை என்றால் படிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே வரி கட்டிய 7,000 டாலரை ஒருவர் ட்ரெடிஷனல் ஐஆர்ஏ என்னும் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் போட்டு, சில நாளில் ராத் ஐஆர்ஏ என்னும் வேறு வகைக் கணக்குக்கு மாற்றுகிறார். இந்த மாற்றம்தான் கன்வர்ஷன்; இப்படிச் சுற்றிப் போவதுதான் பேக்டோர் ராத். கணக்கிலிருந்து வெளியே போன தொகையைக் காட்டி நிதி நிறுவனம் அவருக்கு அனுப்பும் 1099-ஆர் தாளில் 1ஆம் பெட்டியில் 7,000. வரிக்குரிய தொகைக்கான 2ஏ பெட்டியிலும் பெரும்பாலும் அதே 7,000. பக்கத்திலேயே 2பியில், அந்தத் தொகை தீர்மானிக்கப்படவில்லை என்று ஒரு டிக்! 7ஆம் பெட்டியில் வயதைப் பொறுத்து 2 அல்லது 7 என்ற குறி. 59½ வயதைக் கடந்தவர் பணத்தை எடுத்துச் செலவழித்தாலும் அதே 7தான். கன்வர்ஷனுக்கென்று தனிக் குறி கிடையாது.

இதைச் சரிசெய்வது, ஏற்கெனவே வரி கட்டிய பணம் எவ்வளவு என்று காட்டும் படிவம் 8606. அதை நிரப்பினால் ஆண்டு வருமான வரிப் படிவமான 1040இல் 4ஏ வரிசையில் 7,000, வரிக்குரிய தொகைக்கான 4பியில் பூஜ்யம். மறந்தால் ஒரே பணத்துக்கு இரண்டாம் முறை வரி. தாக்கல் செய்யாததற்கான 50 டாலர் அபராதம் இதன் முன் ஒன்றுமே இல்லை.

2ஏ பெட்டியில் சரியான தொகையைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நிதி நிறுவனத்தால் அது முடியாது. அதே நபருக்கு வேறோர் ஐஆர்ஏவில் வரி கட்டாத 63,000 இருந்தால், எல்லா ஐஆர்ஏவையும் சேர்த்துப் பார்க்கும் விகிதக் கணக்குப்படி (70,000இல் வரி கட்டியது 7,000, அதாவது பத்தில் ஒன்று) 7,000இல் 700க்கு மட்டுமே வரியில்லை. மீதி 6,300க்கு உண்டு. இது அவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. ஆனால் நடந்தது கன்வர்ஷன் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். ஐஆர்ஏவுக்குள் வந்த பணத்தைக் காட்டும் படிவம் 5498இன் 3ஆம் பெட்டியில் அதை எழுதி உங்களுக்கே அனுப்புகிறது. என்ன, அது வருவதற்குள் ஏப்ரல் 15 கடந்துவிடும்! அதே தகவலை ஜனவரியில் 1099-ஆரில் ஒரு குறியாகப் போட்டால், வரி மென்பொருள் அதைப் பார்த்து 8606ஐத் தானே கேட்கும். 2025 படிவத்தில் ஐஆர்ஏவிலிருந்து தரும் அறக்கொடைக்கு 'ஒய்' குறியைச் சேர்த்தது நீங்கள்தானே?

அப்புறம் இன்னொன்று. மேற்சொன்னவர் ஏற்கெனவே வரி கட்டிய 7,000இல், இப்போது கழித்த 700 போக மிஞ்சும் 6,300 (அடக்கத்தொகை) 8606இன் 14ஆம் வரிசையில் ஆண்டுதோறும் தொடர வேண்டும். பணம் முழுவதையும் எடுக்கும்வரை படிவங்களைப் பத்திரப்படுத்தச் சொல்கிறீர்கள். முப்பது வயதில் போட்ட பணத்தின் தாளை எழுபத்தைந்தில் யார் தேடுவது? உங்களிடம் எடுக்கக்கூடிய ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் (வரித் தாக்கலின் சுருக்க நகல்) நடப்பாண்டுக்கும் முந்தைய 3 ஆண்டுகளுக்கும்தான். நாங்கள் தாக்கல் செய்த கடைசி 8606இன் 14ஆம் வரிசைத் தொகையை எங்கள் ஆன்லைன் கணக்கில் காட்டுங்கள்.

2018 முதல் கன்வர்ஷனைத் திரும்பப் பெறும் வழியையும் காங்கிரஸ் மூடிவிட்டது. அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, சரி. அடுத்த ஆண்டுப் படிவத்தை அச்சிடும் முன் 1099-ஆரின் 7ஆம் பெட்டிக்கான குறிப் பட்டியலில் ஒரு குறி சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
8606 நிரப்பும் ஒரு வரிதாரர்