ஆண்டறிக்கை: பாய்ஸ் கம்பெனி வரலாற்றுத் தொகுப்பு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டுப் பணி முழுவதும் சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றியே அமைந்தது. எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா, நம்பியார் என்று சினிமாவுக்குப் போனவர்களை வரிசைப்படுத்தி இந்த வரலாற்றை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. விடியவிடியப் பாட்டாலேயே நடந்த நாடகங்களைச் சிறுவர்களைக் கொண்டு ஊர் ஊராக எப்படி நடத்தினார்கள் என்பதல்லவா முதலில் பதிவாக வேண்டும்?

தொகுப்பு 1918-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. பெரிய நடிகர்கள் எழுதியதை விட்டுவிட்டு மேடையிலேயே தர்க்கம் வளர்த்த காலம் அது. பையன்கள் வாத்தியார் சொன்ன பாடத்தை மாற்றாமல் பாடுவார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தது இங்கேதான். அவர்களில் ஒருவரான சிறுவன் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை சுவாமிகள் ஒரே இரவில் எழுதிக்கொடுத்தார். 1922 நவம்பர் 13-இல் அவர் புதுச்சேரியில் மறைந்தார். சகோதரர்கள் 1925-இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜெகந்நாத ஐயர் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோப்பு போட்டிருக்கிறோம். நாவல்களை நாடகமாக்கிப் பையன்களுக்குப் பயிற்சி தந்த எம். கந்தசாமி முதலியாரின் கோப்பு இன்னும் மெலிந்தே இருக்கிறது.

கம்பெனியின் உயிர் பையன்களின் குரல். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட் வரை பாட்டு எட்ட வேண்டும் என்றால் சுருதி உயரமாக இருந்தாக வேண்டும். மகரக்கட்டு, அதாவது வளரும் பருவத்தில் குரல் உடைவது, வந்ததும் அதே பையன் ஒன்று, இரண்டு கட்டைச் சுருதிக்கு இறங்கிவிடுவான் (கட்டை எண் கூடக்கூடச் சுருதி உயரம்). சில மாதம் குரல் பிசிறடிக்கும்; அப்போது வற்புறுத்திப் பாடவைத்தால் குரல் கெட்டே போகும். அதனால்தான் ஒரு வேடத்துக்கு ஒருவனை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. லவகுசா, பிரகலாதன் போன்ற பாலபார்ட்டில் (சிறுவர் வேடம்) தொடங்கியவன் ஸ்திரீபார்ட்டுக்கு (பெண் வேடம்) வருவான். குரல் திரும்பினால் ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்), திரும்பாவிட்டால் பபூன் (கோமாளி) அல்லது மேடைக்குப் பின்னால் வேலை. ஒவ்வொரு பையனின் வேட மாற்றத்தையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் கம்பெனிக் கணக்கு புரிகிறது. ஆகவே நம் பாட்டு அமர்வுகளில் ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ பாடல்களை ஐந்து கட்டையில் சிறுவர்களைப் பாடவைத்தே பதிவு செய்தோம். பெரியவர் குரலில் இறக்கிப் பதிவு செய்தால் அந்த நாடகத்தின் ஓசையே மாறிவிடும்.

நன்கொடையாக வந்த கால் ஹார்மோனியம் இப்போது வாசிக்கும் நிலையில் இருக்கிறது. துருத்தித் தோலில் எலி கடித்த இடங்களுக்கு ஒட்டுப் போட்டோம். ஊமையாக இருந்த ஸ்வரங்களில் பலவும் ரீடுக்கு (ஒலி தரும் பித்தளைத் தகடு) அடியில் தூசி அடைத்தவையே; மெல்லிய தாளை நுழைத்து எடுத்ததும் பேசின. சுருதி விலகிய ரீடுகளுக்கு மட்டும் அரம் வைத்தோம். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்ப வராது, ஆதலால் நாலு இழுப்புக்கு ஒருமுறை மாட்டிக் கேட்பது கட்டாயம்.

நாடக நோட்டீசுகளில் பெரும்பாலானவற்றில் கிழமையும் தேதியும் உண்டு, வருடம் இல்லை. ஒரே தேதி ஒரே கிழமையில் 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில்தான் திரும்ப வரும். சபையின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள் பிடித்துவிடலாம். பால ஷண்முகானந்த என்று இருந்தால் 1925-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. ரோஸ், மஞ்சள் தாள்களில் சாயம் கரைகிறதா என்று ஈரப் பஞ்சால் ஓரத்தில் சோதித்த பிறகே பசை தொட வேண்டும். செல்லோ டேப் போட்டுக் கொண்டுவர வேண்டாம். அதன் கறை போவதில்லை. லேமினேட் செய்ததைப் பிரிக்கவே முடியாது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில் கொட்டகைப் பாட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்ய உத்தேசம். வைத்திருப்போர் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் நம்மிடம் தரவும். பைண்டிங்கில் ஓரம் வெட்டும்போது முதலில் போவது பக்கத்தில் பென்சிலால் குறித்த ராகமும் தாளமும்தான்.

இப்படிக்கு,
செயலாளர்