படம் பார்க்கச் சென்னைக்கு: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரக் கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கலைக்கூடங்கள் பார்க்க அழைத்துப் போகப் போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டார்: "படம் பார்க்கவா சார் சென்னை வரைக்கும்? ஜங்ஷனைச் சுற்றியே இத்தனை தியேட்டர் இருக்கிறதே!" எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான், அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது என்று பட்டது. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு இரவு, தலைக்கு 1,800 ரூபாய். இத்தனையும் செலவழித்துப் போவது எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைக்கு மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வாசிக்கச் சிரமப்படும் தாத்தா, ஆச்சிமார்களுக்குப் பிள்ளைகளே உரக்கப் படித்துக் காட்டட்டும். அதுவும் ஒரு பாடம்தான்.

முதலில் என்னுடைய பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தபோது, நாற்பது பிள்ளைகளோடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வாசல் கதவு சாத்தியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அந்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். நம் ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் கோயிலில் நிற்க இடமிருக்காது. சாமி சிலைகள் இருக்கும் ஓர் இடம் அன்றைக்குப் பார்த்துப் பூட்டிக்கிடக்கும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. விசாரிக்காமல் போனது முழுக்க என் பிழை.

வேறு வழியில்லாமல் மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே உழைப்பாளர் சிலை இருக்கிறது. பெரிய பாறையை நான்கு பேர் சேர்ந்து நெம்பி நகர்த்துகிற சிலை. சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ பேர் தினமும் பார்த்துவிட்டுப் போகிற சிலைதான். எங்களுக்கு அன்று வேறு வேலை இல்லாததால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு பையன், அவன் அப்பா கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குபவர், திடீரென்று குனிந்து சிலையின் பாதங்களையே பார்க்க ஆரம்பித்தான். என்னடா என்றேன். "எங்க அப்பா பாரத்தை நகர்த்தும்போது கால் பெருவிரலைத்தான் முதலில் ஊன்றுவார் சார். இதைச் செய்தவருக்கு அது தெரியுமா என்று பார்க்கிறேன்" என்றான். அதன்பின் மற்றப் பிள்ளைகளும் குனிந்துவிட்டார்கள். யார் அதிகம் தள்ளுகிறார், யார் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரே வழக்கு. அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே சிலை.

அடுத்த வருடம் கிழமையெல்லாம் சரிபார்த்து அதே அருங்காட்சியகத்துக்குப் போனோம். எல்லாக் கூடத்தையும் ஒன்றரை மணி நேரத்தில் காட்டிவிட வேண்டும் என்று நான் முன்னால் ஓட, பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். திரும்பும் ரயிலில், "என்னடா பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். அத்தனை பேரும் ஒரே குரலில் "திமிங்கல எலும்புக்கூடு!" என்றார்கள். திமிங்கலத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற வருடம் அவர்கள் பார்த்தது அதிகம், திறந்த கதவுக்குள் ஓடிய வருடம் பார்த்தது குறைவு என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

ஆகவே இந்த முறை எழும்பூரில் ஒரு கட்டுப்பாடு. ஒவ்வொரு பிள்ளையும் மூன்றே மூன்று பொருளின் முன்னால் நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். நோட்டில் பென்சிலால் வரைய வேண்டும். மீதியைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். போட்டோ எடுத்தவன் பார்க்க மாட்டான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டைப்பைக்குள் போட்டுவிடுவான்.

எந்த மூன்று பொருள் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் எவற்றைச் சொல்வேன் என்பதைச் சொல்கிறேன்.

ஒன்று, ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். திருச்செந்தூர் போகும் வழியில் நாம் எத்தனை முறை அந்தப் பரம்பைக் கடந்து போயிருப்போம்! தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் மேடு. அதற்குள் நம் மூதாதையர் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காடு. 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி பல ஆண்டுகள் அகழ்ந்து எடுத்தவை சென்னைக்குப் போயின. மெல்லிய பொன் தகட்டில் செய்த நெற்றிப்பட்டம், மூடியின் மேல் விலங்கும் பறவையும் நிற்கிற வெண்கலப் பாத்திரங்கள், நீண்ட கொம்புள்ள எருமை உருவம். அந்த எருமையைப் பிள்ளைகள் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் வாய்க்கால்களில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிற எருமைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இரும்புக்கால மனிதன் ஒருவன் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதைக் கவனித்திருக்கிறான்.

ஆதிச்சநல்லூரிலேயே 2023-இல் மத்தியத் தொல்லியல் துறை ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறது; தோண்டிய குழியையும் தாழிகளையும் இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சென்னைக்குப் புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை அங்கே போகிறோம். குழியை இங்கே பார்த்துவிட்டு அதிலிருந்து எடுத்த பொருளை அங்கே பார்த்தால்தான் இரண்டும் ஒட்டும்.

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக்கற்கள். அவற்றுள் வட்டமான கல் ஒன்றில் நாளகிரி என்ற மதயானையின் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. புத்தரைக் கொல்ல ஏவிவிட்ட யானை. ஒரே வட்டத்துக்குள் அது இரண்டு முறை வருகிறது: ஒரு பக்கம் வெறிகொண்டு ஆட்களைத் தூக்கி எறிகிறது, மறுபக்கம் புத்தரின் முன்னால் முழங்கால் மடித்துக் கிடக்கிறது. மாடி ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கட்டம் கட்டமாகப் பிரிக்காமல், ஒரே கல்லில் முன்னதையும் பின்னதையும் எப்படிக் காட்டினான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். முந்திக்கொண்டு விளக்கக் கூடாது. நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானையிடம் தும்பிக்கையால் ஆசி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். யானை முழங்கால் மடிப்பது எப்படி என்று இவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, திருவாலங்காட்டு நடராசர். சோழர் காலத்து வெண்கலம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு மெய்ம்மறந்து கட்டுரை எழுதினார். நம் பிள்ளைகள் நேரிலேயே பார்க்கப் போகிறார்கள். போவதற்கு முன் வீட்டில் ஒரு விஷயத்தை நினைவுபடுத்துங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில்தான் இருக்கின்றன: நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. குற்றாலத்தில் ஆடுகிறவர் கல்லும் இல்லை, செம்பும் இல்லை. சுவரில் தீட்டிய ஓவியம். ஓவியத்துக்கென்று ஒரு சபையையே ஒதுக்கிய ஊர்க்காரர்கள் நாம். "படத்தில் என்ன இருக்கிறது?" என்று நம்மில் ஒருவர் கேட்கலாமா? (கேட்ட தகப்பனார் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களால்தான் இந்தக் கடிதம்.)

வெண்கலச் சிலை வார்க்கும் முறையையும் வகுப்பில் செய்து பார்க்கிறோம். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். பள்ளியில் உலோகம் இல்லை, தீயும் இல்லை. மெழுகும் ஆற்றுக் களிமண்ணும் சுடுநீரும் மட்டும். சட்டையில் கறை படிந்து வந்தால் திட்டாதீர்கள்.

தொடக் கூடாது என்பதை மட்டும் வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள். கோயிலில் சிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிப் பழகிய கை. அது தானாக நீளும். விரலில் இருக்கிற வியர்வை உப்பு வெண்கலத்தைப் பச்சையாகப் பொரியச் செய்து அரித்துவிடும். அந்த நோயைத் தீர்க்கத்தான் 1930-இல் அந்த அருங்காட்சியகத்தில் ஓர் இரசாயன ஆய்வகமே தொடங்கினார்கள். இதே காரணத்தால் வழிச்சோற்றோடு அல்வாப் பொட்டலம் கொடுத்துவிட வேண்டாம். நெய்க்கையோடு கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும்.

எழும்பூருக்கு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது; 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. படம் விற்றுச் சாப்பிட முடியாத காலத்தில் துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பத்திக் வேலை செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்ட ஓவியர்கள். "வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று தன் மகளைப் பற்றி என்னிடம் கவலைப்பட்ட தாயாருக்கு இதற்குமேல் நேர்மையான பதில் என்னிடம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது, எளிதில் கிடைக்கவில்லை.

அங்கே இருக்கிற படங்களில் பல உங்களுக்கும் எனக்கும் சட்டென்று பிடிபடாது. பணிக்கரே வரைந்த ஒரு வரிசை ஓவியங்கள் ஜாதக நோட்டைப் பிரித்து வைத்தது போலக் கட்டமும் எழுத்துமாக இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் போனால் பொருள் ஓடிவராது. "இதை நானே வரைவேனே சார்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். சொல்லட்டும். அங்கேயே ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்வோம்.

அதையடுத்து முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்னாட்டுப் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், 1996-இல் திறந்தது. செட்டிநாட்டு வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு எல்லாம் உண்டு. சுருக்கமாகப் பார்த்துவிட்டு வருவோம். திண்ணையும் முற்றமும் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இன்னும் வீட்டிலேயே இருக்கின்றன.

கோயில் சிலைகளிலும் ஓவியங்களிலும் ஆடை குறைவாக இருக்குமே, வயதுப் பிள்ளைகளாயிற்றே என்று இரண்டு தாய்மார் தனியே வந்து கேட்டார்கள். நியாயமான கவலைதான். அதற்காகவே சென்னைக்கு முன்பாக, பக்கத்திலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போகிறோம். குறத்தியும் ரதியும் வீரபத்திரரும் தூணோடு தூணாக நிற்கிற அந்த மண்டபத்தில் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை குட்டிகளோடு போய் வருகின்றன, யாரும் கெட்டுப்போகவில்லை. கல்லிலே புடைத்திருக்கிற கை நரம்பையும் விலா எலும்பையும் எண்ணிப் பார்க்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் கண் வேறெங்கும் போகாது.

இனி ஏற்பாடுகள். பொங்கல் விடுமுறை முடிந்த இரண்டாவது வாரம், புதன்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் புறப்பட்டு, சனிக்கிழமை காலை திரும்புகிறோம். 42 பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். அவர்களில் மூவர் ஆசிரியைகள். வியாழன் இரவு தங்குவதற்கு மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனிக் கட்டடம். பெற்றோரில் இரண்டு பேர் உடன் வரலாம். தாய்மார் வந்தால் நல்லது. எல்லா இடங்களுக்கும் ஒரு வாரத்துக்கு முன்பே போன் செய்து திறந்திருக்கும் நாளை நானே கேட்டுக்கொள்வேன். பட்டது போதும்.

பணம் கட்ட இயலாதவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் என் அறைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வகுப்பு ஆசிரியருக்கோ பிள்ளைக்கோ கூடத் தெரியாது. பணத்துக்காக எந்தப் பிள்ளையையும் நிறுத்த வேண்டாம். காய்ச்சலுக்காக நிறுத்துங்கள், தாராளமாக.

இணைத்திருக்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வரும் திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். கொண்டுவர வேண்டியவை: இரண்டு செட் உடை, ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில், கோடு போடாத நோட்டு ஒன்று, நன்றாகச் சீவிய பென்சில் மூன்று. ரப்பர் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்