ஷோகேஸில் நிற்கும் பரோலோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒயின் ருசிப்பது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. மதுவைப் பற்றி ஏன் எழுதினீர்கள் என்று சண்டை பிடிக்க வரவில்லை. காரைக்கால்காரனுக்கு அந்த யோக்கியதை கிடையாது. சாயங்காலம் ஆனால் நாகப்பட்டினம், மயிலாடுதுறை வண்டிகள் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் எதற்காக நிற்கின்றன என்பது உங்கள் நிருபருக்கும் தெரியும்.

என் வருத்தம் இரண்டு இடத்தில். "ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடும், கிடைத்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்" என்று ஒரு வரி. பக்கத்திலேயே "20 வயதான இத்தாலிய பரோலோ" என்று ஒரு படம். படத்தில் கிளாஸ் நிறைய நாவல்பழ நிறத்தில் எதையோ ஊற்றியிருந்தார்கள். பரோலோ சிவப்பு ஒயின்தான், ஆனால் இருபது வயதில் அந்த நிறத்தில் இருக்கவே இருக்காது. ரெண்டு வயதில்கூட இருக்காது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். என் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் நான் சின்ன வயதிலேயே பிரான்ஸ் போய், தெற்கே நீஸ் நகரத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். அப்புறம் மேசைக்குப் பரிமாற வந்தேன். கடைசியில் நிலவறைச் சாவி என் இடுப்பில் தொங்கியது. முதலாளி வடமேற்கு இத்தாலியில் உள்ள பியெமோந்தேக்காரர், ஆல்பா ஊர்ப் பக்கம். நீஸ் 1860 வரை அவர்கள் ராஜாவின் கையில்தான் இருந்தது. அதனால் அந்த ஊரில் பியெமோந்தேக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. திராட்சை அறுவடை முடிந்ததும் முதலாளியோடு வேனில் தெந்த் கணவாய் ஏறி லாங்கே மலைகளுக்குப் போவோம். சரக்கு எடுப்பது அவர் வேலை. தூக்குவதும் ருசிப்பதும் என் வேலை.

பரோலோ என்பது அங்கே ஒரு சின்ன ஊர். அந்த ஊரையும் சேர்த்துப் பதினோரு ஊர்களில் விளையும் நெப்யோலோ திராட்சையில் மட்டும் செய்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். 1980-ல் இத்தாலிய அரசு உயர்ந்த தரச் சான்று கொடுத்த முதல் சில ஒயின்களில் அதுவும் ஒன்று. அறுவடை முடிந்து 38 மாதம் ஆகாமல் விற்கக் கூடாது, அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும் என்று சட்டம். ரிசெர்வா என்று போட்டுக்கொள்ள 62 மாதம். அதற்கு முன்னால் விற்காதே என்றுதான் சட்டம் சொல்கிறது. எப்போது நன்றாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அதை நாக்குதான் சொல்ல வேண்டும்.

நெப்யோலோவில் சாயம் குறைவு. துவர்ப்பும் புளிப்பும் ரொம்ப அதிகம். இளசாகக் குடித்தால் ஈறு பிடித்துக்கொள்ளும். வருஷங்கள் போகப் போக அந்தத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, சாயத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் மண்டியாகப் படியும். மேலே இருப்பது வெளுக்கும், மெத்தென்று ஆகும். இப்படி மாறத் துவர்ப்பும் புளிப்பும் மூலதனமாக இருக்க வேண்டும். அது இல்லாத ஒயினை வைத்திருந்து பயனில்லை. உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பங்கு சில வருஷத்துக்குள் குடித்துவிடத்தான். பரோலோ விளையும் அதே மலையில் தோல்ச்செத்தோ என்று இன்னொரு திராட்சை இருக்கிறது. எங்கள் முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு அதைத்தான் குடிப்பார். அதை இருபது வருஷம் வைத்திருந்தேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்.

டெல்டாவில் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. புது அரிசி குழையும், ஒரு வருஷத்து அரிசிதான் சோறு உதிரியாக வரும் என்று பழைய நெல்லைத் தேடுகிறவர்கள் நாம். அதற்காகப் பத்து வருஷம் கோட்டை கட்டி வைத்தால் வண்டுதான் மிஞ்சும்.

எங்கள் நிலவறையில் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன், விஷயம் இன்னும் நன்றாக விளங்கும். உணவகம் விடுமுறை. முதலாளி இரண்டு பரோலோவைத் திறந்தார். இரண்டும் அந்தப் பதினோரு ஊர்களில் ஒன்றான செர்ராலுங்கா சரக்கு. ஒன்று 1989 அறுவடை, மற்றது 2003. பேர் தெரியாமல் துணி சுற்றி, முன்தினமே நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் தங்கவிட்டு, மறுநாள் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு தெளிவை மட்டும் இறுத்தோம். மண்டி கழுத்துக்கு வருவது சுடரில் தெரியும். அந்த இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும்.

எது மூத்தது என்று கேட்டார். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் 2003-ஐக் காட்டினார்கள். ஏன் என்றால் வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தபோது அதன் ஓரம் பழுப்பாகி, நடுவிலும் சிவப்பு மங்கியிருந்தது. 1989-ல் ஓரம் செங்கல் நிறம். நடுவில் மாதுளைச் சிவப்பு அப்படியே நின்றது. 2003-ல் ஐரோப்பா முழுக்க அடித்த வெயிலில் திராட்சை சர்க்கரை ஏறிப் புளிப்பு குறைந்து போனது. அதனால் அந்த ஒயின் சீக்கிரம் தளர்ந்துவிட்டது. பதினாலு வருஷம் சின்னது, பார்வைக்குப் பெரியது.

மூக்குக்கு வந்தால் இன்னும் தெளிவு. கிளாஸை முதலில் சுழற்றக் கூடாது. பழைய ஒயினின் முதல் மணம் லேசானது, ஆட்டினால் போய்விடும். 2003-ல் வேகவைத்த பிளம் பழமும் சாராய நெடியும் வந்தன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 1989-ல் முதலில் ஒரு மூடின அறை வாடை. சிலர் அதிலேயே முகம் சுளித்தார்கள். கால் மணி நேரம் விட்டோம். காய்ந்த பன்னீர் ரோஜா வந்தது, பிறகு தார் மணம், அதிமதுரம், புகையிலை, மழைக்குப் பிறகு மரத்தடிச் சருகு. ரோஜாவும் தாரும் நெப்யோலோவின் கையெழுத்து. வாயில் வைத்தால் புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊற வைத்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் ஈறைப் பிடிக்கவில்லை. வந்து, நின்று, போனது. விழுங்கிய பிறகும் ரோஜா வாயில் இருந்துகொண்டே இருந்தது. ஒயினைப் பார்த்து நான் தரம் சொல்வது அந்த மிச்சத்தை வைத்துத்தான். அமெரிக்காக்காரர்கள் 100-க்கு மார்க் போடுவார்கள், இத்தாலிக்காரர்கள் மார்க்குக்குப் பதில் கிளாஸ் படம் போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழத்தின் ருசி இன்னும் உயிரோடு இருக்கிறதா, துவர்ப்பு பழத்தை முந்திவிட்டதா, கடைசி வாயிலும் முதல் வாயில் இருந்த ஆவல் இருக்கிறதா. இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஒரே பெட்டி, ஒரே வருஷம், ஒரே தோட்டம். இரண்டு பாட்டில் இரண்டு விதமாக இருக்கும். ஒரு கார்க்கில் டிசிஏ என்கிற பொருள் ஏறியிருந்தால் ஒயின் முழுக்க நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், பழம் செத்துப்போயிருக்கும். அது காற்றாடவிட்டாலும் போகாது. மூடின அறை வாடை போய்விடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கால் மணி நேரம் பொறுமை போதும். வருஷத்தைப் பார்த்து வாங்கு என்று உங்கள் கட்டுரை சொல்வதும் பாதிதான் சரி. 2002-ல் லாங்கேயில் ஓயாத மழை, செப்டம்பரில் பரோலோ ஊர்ப் பக்கம் ஆலங்கட்டி. பலர் அந்த வருஷம் பரோலோவே போடவில்லை. அதே வருஷம் ஒயின் தயாரிக்கும் ஜாகோமோ கொன்தெர்னோ வீட்டார் மொன்போர்த்தீனோ என்கிற தங்கள் பரோலோவைப் போட்டுப் பேர் வாங்கினார்கள்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரி ஆபத்து.

காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் பிரான்ஸ் உறவு இல்லாத தெரு குறைவு. வருகிறவர்கள் பாட்டில் கொண்டுவருவார்கள். வாங்கினவர்கள் அதைக் கூடத்து ஷோகேஸில், தாஜ்மகால் பொம்மைக்கும் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில் நிறுத்துவார்கள். குடிக்காத வீடாக இருந்தாலும் நிற்கும், அது அந்தஸ்து. ராத்திரி முழுக்க டியூப்லைட் வெளிச்சம். சித்திரை, வைகாசியில் 38, 40 டிகிரி. ஒயினுக்கு வேண்டியது 12, 13 டிகிரி, இருட்டு, ஈரப்பதம், படுத்த நிலை. நிமிர்த்தி வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கிக் காற்று உள்ளே போகும்.

என் அண்ணன் மகன் ஒருவன் 2004 பரோலோவை அப்படி வைத்திருந்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்து, "சித்தப்பா, நீங்களே திறங்க, நீங்கதான் சொல்லணும்" என்றான். கையில் வாங்கியதுமே தெரிந்தது. கழுத்துத் தகட்டுக்கு அடியில் பிசுபிசுப்பு. கார்க் ஒரு நெல்லளவு மேலே தள்ளியிருந்தது. சூட்டில் உள்ளே விரிந்து கசிந்த அடையாளம் அது. உள்ளே மட்டம் கழுத்தைத் தாண்டித் தோளுக்கு இறங்கியிருந்தது. திருகாணி போட்டதும் கார்க் பாதியில் பொடிந்தது. ஊற்றினால் கட்டன் தேநீர் நிறம். கருகின வெல்லப்பாகு வாடை, அதன் பின்னால் காடி. ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிட்டேன். "எவ்வளவு பெறும் சித்தப்பா?" என்றான். ஒன்றும் பெறாது என்றேன். நான் பொறாமையில் சொல்கிறேன் என்று அவன் மனைவி நினைத்திருக்கலாம்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பார்கள். சில வாரத்துக்குச் சரி. வருஷக்கணக்கில் என்றால் அங்கே குளிர் அதிகம், காற்று வறட்சி, கதவு திறக்கும்போதெல்லாம் ஆட்டம். போதாததற்கு நம் கடற்கரை. 2018 நவம்பரில் கஜா வந்து மின்சாரம் நாள்கணக்கில் போனபோது ஃபிரிட்ஜில் இருந்த மீன் என்ன ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பழைய பாட்டிலை யாரிடமாவது விலை பேசி வாங்கலாம் என்று கட்டுரை சொல்வதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பரோலோ பாட்டில் கழுத்தில் அரசு முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும், அதில் எண் இருக்கும், அதைக்கூடச் சொல்லவில்லை. 1986-ல் இதே பியெமோந்தேயில் மெத்தனால் கலந்து விற்ற மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024-ல் கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு மெத்தனால் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் பத்தியில் "தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லது" என்று வேறு முடித்திருக்கிறார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ருசிக்காக எழுதுங்கள், மருந்தாக எழுதாதீர்கள்.

இன்னும் கெட்டுப்போகாத பாட்டில் யார் வீட்டிலாவது இருந்தால் அடுத்த சித்திரை வரை வைத்திருக்க வேண்டாம். மார்கழி, தை மாதத்தில் திறந்துவிடுங்கள். இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி, இருட்டான மூலையில் வையுங்கள். முதல்நாள் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாற ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் 16, 17 டிகிரிக்கு வந்துவிடும். இருபது வயதுக்கு மேல் என்றால் இறுத்த பிறகு ரொம்ப நேரம் காற்றாட விட வேண்டாம். கூட வைத்துக்கொள்ள எண்ணெய் மிதக்கும் வறுவல் சரிப்படாது, மிளகாய்க் காரம் துவர்ப்பை இன்னும் முரடாக்கும். மிளகு மட்டும் தட்டிப் போட்டு நிதானமாக வெந்த ஆட்டுக்கறி நன்றாக இருக்கும்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குள் படத்தை மாற்றுங்கள். "பத்திரப்படுத்துங்கள்" என்ற வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்கள். நேற்றே என் தெருவில் ஒருவர் கட்டுரையைக் கத்தரித்து ஷோகேஸ் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உணவக ஊழியர்,
நிரவி, காரைக்கால்.