பள்ளித் திட்டம் கிராம சபைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். எங்கள் ஊரிலும் குழு கூடுகிறது, திட்டமும் எழுதுகிறார்கள். மாணவிகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. அப்புறம் அந்தத் தாள் எங்கே போகிறது என்றுதான் தெரிவதில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு பிள்ளை வெளியே நின்று பிடித்துக்கொள்ள, இன்னொரு பிள்ளை உள்ளே போய் வருகிறாள். இதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டுமா?

குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் தந்திருப்பது, ஊரின் சார்பில் இதையெல்லாம் விடாமல் கேட்கத்தான். ஆனால் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. ஓட்டு வாங்கிய வார்டு உறுப்பினரை வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். தனி அலுவலரை அப்படிக் கேட்க முடியுமா?

திட்டத்தைக் கிராம சபையில் வரிவரியாக வாசிக்க வேண்டும். எந்த வேலைக்கு நிதி வந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்று வட்டாரக் கல்வி அலுவலரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் அங்கேயே எழுத்தில் பதில் தர வேண்டும். வருகிற ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே இதைத் தொடங்க மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும்.

— ஓர் அரசுப் பள்ளி மாணவியின் தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்