செத்தும் சாகாத ஒப்பந்தம்

மதுரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மூட்டுவலி, அப்புறம் சின்னவள் கல்யாணப் பேச்சு, உட்கார்ந்து எழுத முடியவில்லை. தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

டிக்டாக் உள்பட 59 செயலிகளை 2020 ஜூனில் ஒரே ராத்திரியில் தூக்கினார்களே, டிக்டாக்கின் சீனக் கம்பெனியால் எதுவும் செய்ய முடியாதா என்று கேட்டிருந்தாய். அதற்கு முந்தைய வருஷம், 2019 ஏப்ரலில், நம்மூர் உயர் நீதிமன்றக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை போட்டு, மூன்று வாரத்தில் விலக்கிக்கொண்டது நினைவிருக்கிறதா? நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் நஷ்டம் என்று அப்போது உச்ச நீதிமன்றம்வரை போய் முறையிட்டார்கள். 2020-ல் வந்ததோ அரசே போட்ட தடை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு. நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் இங்கே வாதாடிப் பெரிய பலன் இருக்காது.

ஆனால் கொல்லைப்புறக் கதவு ஒன்று உண்டு. 2006-ல் இந்தியாவும் சீனாவும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. அதை வைத்து முதலீட்டாளர் ஓர் அரசையே சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இப்படித்தான் ஓர் ஆஸ்திரேலியச் சுரங்கக் கம்பெனி, தன் நாட்டோடு இந்தியா போட்டிருந்த இதே மாதிரி ஒப்பந்தத்தை வைத்து, இந்திய நீதிமன்றங்களில் தன் வழக்கு 9 வருஷம் இழுத்தடிக்கப்பட்டது என்பதற்காகவே 2011-ல் நம்மிடம் நஷ்டஈடு வாங்கியது. (வாய்தா வாங்கியே தலை நரைத்த எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.) டெல்லிக்குச் சுரீர் என்றது. பழைய ஒப்பந்தங்களை வரிசையாக முறித்தார்கள். சீனாவுடையது 2018 அக்டோபரில் முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? அதற்கு முன்பே வந்த முதலீட்டுக்கு மேலும் 15 வருஷம் காப்பு உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆக 2033 வரை உயிர் இருக்கிறது. பாதுகாப்புக் காரணத்துக்காக அரசு நடவடிக்கை எடுக்கவும் அதில் இடமுண்டு, ஆனால் பாரபட்சம் கூடாது. தடை அறிவிப்பு சீனாவைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. பட்டியலைப் பார்த்தவர்களுக்கோ சொல்லாமலே புரிந்தது. வழக்கென்று வந்தால் இரு பக்க வக்கீல்களும் பிடித்துத் தொங்குவது இந்த இடத்தில்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. தொழிற்சாலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. இங்கே அந்தக் கம்பெனியின் சொத்து என்பது பெரும்பாலும் நம் பிள்ளைகள் ஆடியதும் வசனம் பேசியதும்தானே! கம்பெனிக்காவது ஓர் ஒப்பந்தம் மிச்சம் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக லட்சம் ரசிகர்களை இழந்த பையன் எந்த மன்றத்துக்குப் போவான்? மறுநாளே வேறொரு செயலியில் போய் ஆடத் தொடங்கிவிட்டான்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? தைக்கு நீ இங்கே இருந்தாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

உன்,
ராமு